ஊரில் யாருக்கும் தெரியாத அமெரிக்க நட்சத்திரம்

2013இல் அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் டென்னிஸ் ரோட்மன் வடகொரியா போய், கிம் ஜாங் உன்னின் பக்கத்தில் உட்கார்ந்து ஆட்டம் பார்த்தார். 2016இல் ஹாலிவுட் சண்டைப் பட நடிகர் ஸ்டீவன் சீகலுக்கு ரஷ்யப் பாஸ்போர்ட் கிடைத்தது, அதுவும் புதின் கையால். இப்படி ஒரு படம் பத்திரிகையில் வரும்போதெல்லாம் வாசகர்கள் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: இந்த ஆளுக்கு அங்கே என்ன வேலை? காசுக்காகப் போனாரா, நம்பித்தான் போனாரா, இல்லை சொந்த ஊரில் மவுசு போய்விட்டதா?

கேள்வி பழையது. பனிப்போர்க் காலத்தில் இதைவிடப் பெரிய கதைகள் நடந்திருக்கின்றன. அவற்றில் ஒன்றைப் பிரித்துப் பார்த்தால் மற்றதெல்லாம் ஓரளவு விளங்கும். அந்தக் கதையின் நாயகன் டீன் ரீட் என்ற அமெரிக்கப் பாடகர். மாஸ்கோவிலும் கிழக்கு பெர்லினிலும் இவர் நட்சத்திரம். அமெரிக்க ராக் பாடகர் எல்விஸ் பிரெஸ்லியை நினைவுபடுத்தும் "சிவப்பு எல்விஸ்" என்ற பட்டப்பெயரும் இவருக்கு உண்டு. அமெரிக்காவில் இவர் பெயரைச் சொன்னால் "யார் அது?" என்றுதான் பதில் வரும்.

போனவர்கள் எல்லோரும் ஒரே ரகம் இல்லை

பனிப்போர் என்பது 1940களின் பிற்பகுதியிலிருந்து 1980களின் கடைசி வரை, அமெரிக்க அணியும் சோவியத் அணியும் நேரடியாகப் போர் தொடுக்காமல் மற்ற எல்லா வழிகளிலும் மோதிக்கொண்ட காலம். அந்த மோதலில் பாட்டும் சினிமாவும் ஆயுதங்கள்தான். அப்போது மேற்கிலிருந்து எல்லை தாண்டி மேடையேறியவர்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

1. அரசு அனுப்பியவர்கள். 1958இல் அமெரிக்காவும் சோவியத் யூனியனும் கலாசாரப் பரிமாற்ற ஒப்பந்தம் போட்டன. அதன்படிதான் ஜாஸ் கலைஞர் பென்னி குட்மன் 1962இல் தன் குழுவோடு சோவியத் நகரங்களைச் சுற்றினார். சோவியத் தலைவர் குருஷ்சேவே வந்து கேட்டார். இவர்கள் தூதர்கள் மாதிரி. ஊர் திரும்பினால் பாராட்டு.

2. தொழிலுக்காகப் போனவர்கள். 1978 டிசம்பரில் மாஸ்கோவின் ரோசியா அரங்கில் பாடிய போனி எம் குழு, 1979இல் போன எல்டன் ஜான் போன்றவர்கள். பாடினார்கள், கைதட்டல் வாங்கினார்கள், கிளம்பினார்கள்.

3. நம்பிப் போனவர்கள். பாடகர்கள் பால் ராப்சன், டீன் ரீட். சர்ச்சை முழுக்க இந்த மூன்றாவது வகையில்தான்.

முதல் இரண்டு வகைக்காரர்களுக்கும் அந்த நாடு ஒரு மேடை, அவ்வளவுதான். மூன்றாமவருக்கு அதுவே வீடாகவோ, குறைந்தபட்சம் நம்பிக்கையாகவோ ஆகிவிடுகிறது.

பாட்டுக்கும் ரேஷன்

அமெரிக்காவில் எடுபடாத ஒருவர் சோவியத் யூனியனில் எப்படி நட்சத்திரமாக முடிந்தது? குரல், முகவெட்டு எல்லாம் ஒரு பகுதி. மீதியை அங்கே பாட்டு எப்படி விநியோகமானது என்பதில் தேட வேண்டும்.

1. அழைப்பு. வெளிநாட்டுக் கலைஞர் யாரும் தானாக வந்து கச்சேரி நடத்த முடியாது. சோவியத் யூனியனில் கோஸ்கான்சர்ட் என்ற அரசு நிறுவனம் கூப்பிட வேண்டும். அதற்குமுன் கம்யூனிஸ்ட் கட்சியின் கலாசாரப் பிரிவு தலையாட்ட வேண்டும். என்ன பாடுவார் என்ற பட்டியலும் முன்கூட்டியே போகும். போனி எம் குழுவின் பிரபலமான பாட்டுகளில் ஒன்று, கடைசி ஜார் மன்னரின் அரண்மனையில் ஆட்டம் போட்ட ரஸ்புட்டினைப் பற்றியது. அதை மட்டும் மாஸ்கோவில் பாட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள், அவர்களும் பாடவில்லை.

2. இசைத்தட்டு. 1964இலிருந்து சோவியத் நாடு முழுவதற்கும் மெலோடியா என்ற ஒரே நிறுவனம். சோவியத் அணியில் இருந்த கிழக்கு ஜெர்மனியில் ஜனரஞ்சகப் பாட்டுக்கு அமிகா. இவை அச்சடித்தால்தான் தட்டு கடைக்கு வரும். வராததை இளைஞர்கள் வேறு வழியில் தேடினார்கள். 1950களில் ஆஸ்பத்திரிகளில் தூக்கிப்போட்ட எக்ஸ்ரே பிலிமை வட்டமாக வெட்டி, அதில் பாட்டைப் பதித்துத் திருட்டுத்தனமாக விற்றார்கள். யாரோ ஒருவருடைய விலா எலும்பின் மேல் ஊசி சுற்ற, அதிலிருந்து கரகரவென்று ராக் அண்ட் ரோல் கேட்கும். "எலும்பு இசை" என்றே அதற்குப் பேர்.

3. ஒதுக்கீடு. கிழக்கு ஜெர்மனியில் 1958இல் ஒரு விதி வந்தது. பொது நிகழ்ச்சிகளில் ஒலிக்கும் பாட்டில் குறைந்தது 60 சதவீதம் சொந்த நாட்டிலிருந்தோ மற்ற சோஷலிச நாடுகளிலிருந்தோ இருக்க வேண்டும். மேற்கத்தியப் பாட்டுக்கு 40தான். கொள்கை ஒரு காரணம். இன்னொன்று காசு. மேற்கத்தியப் பாட்டு ஒவ்வொன்றுக்கும் உரிமைத்தொகையை டாலரிலோ மேற்கு ஜெர்மன் மார்க்கிலோ கட்ட வேண்டும், அந்தப் பணம் அவர்களிடம் இல்லை.

4. பணம். ரூபிளையும் கிழக்கு ஜெர்மன் மார்க்கையும் எல்லைக்கு வெளியே செல்லாக்காசு என்றே வைத்துக்கொள்ளலாம். அங்கே எவ்வளவு சம்பாதித்தாலும் அங்கேயேதான் செலவழிக்க வேண்டும். உச்சியில் இருந்த மேற்கத்திய நட்சத்திரங்கள் அவ்வளவு எளிதில் அந்தப் பக்கம் போகாததற்கு இது ஒரு பெரிய காரணம்.

இந்த நான்கையும் சேர்த்துப் பாருங்கள். பிரிட்டனின் பீட்டில்ஸ் ராக் குழு வராது, விடவும் மாட்டார்கள். 1965இல் கிழக்கு ஜெர்மனித் தலைவர் வால்டர் உல்ப்ரிக்ட், மேற்கிலிருந்து வரும் ஒவ்வொரு குப்பையையும் நாம் காப்பியடிக்கத்தான் வேண்டுமா என்று பொரிந்து, பீட்டில்ஸ் பாட்டில் வரும் அந்த "யே யே யே"வுக்கு முடிவு கட்டச் சொன்னார். ஆனால் இளைஞர்களுக்கோ கிட்டார் வேண்டும், ஜீன்ஸ் வேண்டும், ஆங்கிலப் பாட்டு வேண்டும். அந்த நேரத்தில் நிஜமான அமெரிக்கர் ஒருவர், ஆறடி உயரம், கையில் கிட்டார், அரசு அனுமதியோடு வந்து நின்றால்? ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை.

நமக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 1954இல் சோவியத் திரையரங்குகளுக்குப் போன ராஜ் கபூரின் 'ஆவாரா'வை 6 கோடிப் பேருக்கு மேல் பார்த்தார்கள். ராஜ் கபூரை இலுப்பைப்பூ என்று சொல்லிவிட முடியாது. ஆனால் ஹாலிவுட்டுக்குக் கதவு சாத்தியிருந்த அரங்குகளில் நட்பு நாட்டுப் படத்துக்கு இடம் தாராளமாகக் கிடைத்தது என்பதும் உண்மை.

டென்வரிலிருந்து மாஸ்கோவுக்கு, சிலி வழியாக

டீன் ரீட் 1938இல் கொலராடோ மாநிலத்தின் டென்வரில் பிறந்தவர். பிள்ளைப் பிராயத்திலேயே ஆள் எப்படி என்பதற்கு ஒரு சம்பவம்: 25 சென்ட் பந்தயத்துக்காகக் கோவேறு கழுதை ஒன்றோடு 110 மைல் ஓட்டப்பந்தயம் ஓடி ஜெயித்தார். ஜெயித்த கால் டாலரைவிட அது பத்திரிகையில் வந்ததுதான் அவருக்கு லாபம்.

1958இல் ஹாலிவுட் போய், கேப்பிடல் என்ற பெரிய இசைத்தட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்தார். அமெரிக்காவில் பாட்டு ஓடவில்லை. ஆனால் அதே பாட்டுகள் சிலியிலும் பெருவிலும் அர்ஜென்டினாவிலும் பற்றிக்கொண்டன. 1960களின் தொடக்கத்தில் அங்கே போனவருக்கு விமான நிலையத்தில் கூட்டம் காத்திருந்தது. அவர் அங்கேயே தங்கினார். தங்கிய இடத்தில் வறுமையைக் கண்ணால் பார்த்தார். அதில் தன் நாட்டுக்கும் பங்கு இருக்கிறது என்று நினைக்கத் தொடங்கினார். அணுகுண்டுச் சோதனைக்கு எதிராகப் பேசினார். 1965இல் ஹெல்சிங்கியில் நடந்த உலக அமைதி மாநாட்டில் சோவியத் பிரதிநிதிகளின் கண்ணில் பட்டார். 1966இல் முதல் சோவியத் பயணம். அதே ஆண்டு, ராணுவம் ஆட்சியைப் பிடித்த அர்ஜென்டினா அவரை வெளியேற்றியது.

அடுத்து ரோம் நகரில் சில ஆண்டுகள், இத்தாலியக் கௌபாய்ப் படங்கள். 1970 செப்டம்பரில் சிலித் தலைநகர் சாண்டியாகோவில், அமெரிக்கத் தூதரக அலுவலகம் முன்னால் ஒரு வாளித் தண்ணீரும் சோப்பும் வைத்து அமெரிக்கக் கொடியைத் துவைத்தார். வியட்நாம் மக்களின் ரத்தம் படிந்த கொடி, கழுவ வேண்டியிருக்கிறது என்று விளக்கம். போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. அவர் கொடியை எரிக்கவில்லை, துவைத்தார். கடைசி வரை தன்னை அமெரிக்கர் என்றே சொல்லிக்கொண்ட ஒருவருக்கு அந்த வேறுபாடு முக்கியமாக இருந்தது. வாஷிங்டனில் யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

1971இல் லைப்சிக் நகரின் ஆவணப்பட விழாவுக்கு வந்த இடத்தில் ஒரு பெண்ணைச் சந்தித்தார். கல்யாணம், கிழக்கு ஜெர்மனியில் குடித்தனம். ஆக, அவர் அங்கே குடியேறியதில் மார்க்ஸுக்கு எவ்வளவு பங்கோ அதே அளவு காதலுக்கும் உண்டு.

"இன்னொரு அமெரிக்கா"

அரசுக்கு இவரால் என்ன லாபம்? கட்சியின் பேச்சில் இரண்டு அமெரிக்கா உண்டு. ஒன்று வால் ஸ்ட்ரீட்டும் பென்டகனும், அதாவது பணமும் ராணுவமும். மற்றொன்று தொழிலாளிகள், கறுப்பின மக்கள், பூர்வகுடிகள், போர் எதிர்ப்பாளர்கள். இந்த இரண்டாவதை "இன்னொரு அமெரிக்கா" என்று கிழக்கு ஜெர்மன் பத்திரிகைகள் சலிக்காமல் எழுதின. டீன் ரீட் அதன் நடமாடும் சாட்சி. மேற்கின் கவர்ச்சியையும் கொடுக்கலாம், மேற்கை எதிர்க்கவும் செய்யலாம். ஒரே டிக்கெட்டில் இரண்டு காட்சி.

அவருடைய படங்களில் இது பளிச்சென்று தெரியும். கிழக்கு ஜெர்மனியின் அரசு ஸ்டூடியோவான டெஃபா, 1960களின் நடுவிலிருந்து கௌபாய்ப் படத்தைத் தலைகீழாக்கி எடுத்து வந்தது. பூர்வகுடிகள் நாயகர்கள், குதிரைப்படையும் நில வியாபாரிகளும் வில்லன்கள். அந்த வரிசையில் ரீடே கதை எழுதி 1975இல் நடித்த படத்தில் அவர் ஒரு அமெரிக்கச் சிப்பாய். கிராமத்துப் பெண்களும் பிள்ளைகளும் கொல்லப்படுவதைப் பார்த்ததும் கையில் இருந்த கொடிக்கம்பத்தை முறித்துப் போட்டுவிட்டுப் பூர்வகுடிகளோடு சேர்ந்துவிடுகிறார். சாண்டியாகோவில் கொடியைத் துவைத்தவருக்கு இந்த வேடம் தானாக அமைந்தது.

சோவியத் இளைஞர் அமைப்பு அவருக்கு லெனின் பெயரிலான விருதைக் கொடுத்தது. லெபனானில் பாலஸ்தீனத் தலைவர் யாசர் அராபத்தைச் சந்தித்தார். 1978இல் மினசோட்டாவில் விவசாய நிலங்களின் ஊடே மின்கம்பி இழுப்பதை எதிர்த்த போராட்டத்தில் கைதாகி, சிறையில் உண்ணாவிரதம் இருந்து, பிறகு விடுதலையானார். 1983இல் ராணுவ சர்வாதிகாரி பினோசெட்டின் ஆட்சியில் இருந்த சிலிக்கே போய், தடைசெய்யப்பட்ட பாடல்களைப் பாடி வெளியேற்றப்பட்டார். இவற்றை வைத்துப் பார்த்தால், சொகுசுக்காக மட்டும் அந்தப் பக்கம் இருந்தார் என்று சொல்ல முடியாது. பாதுகாப்பான நாற்காலியில் உட்கார்ந்து பேசிய ஆள் அல்ல.

ஆனால் ஒரு விஷயம் உறுத்துகிறது. அவர் அமெரிக்கக் குடியுரிமையை விடவே இல்லை. அமெரிக்க அரசுக்கு வருமான வரிப் படிவமும் தாக்கல் செய்துவந்தார். அந்த நீல நிறப் பாஸ்போர்ட் பையில் இருந்ததால், நினைத்த நாளில் நகரை இரண்டாகப் பிரித்த பெர்லின் சுவரின் சோதனைச்சாவடியைத் தாண்டி மேற்கே போய் வரலாம். அவருடைய பக்கத்து வீட்டுக்காரர் அதே சுவரை ஏறிக் குதித்தால் துப்பாக்கிக் குண்டு. அந்தச் சுவரைத்தான் அவர் மேடையில் நியாயப்படுத்தினார்.

ராப்சன் அறையில் நடந்த ஊமைப் பேச்சு

நம்பிப் போனவர்களுக்கு நேரும் சிக்கலைப் புரிந்துகொள்ள ரீடைவிடப் பல மடங்கு பெரிய கலைஞர் ஒருவரிடம் போக வேண்டும். பால் ராப்சன், கறுப்பினப் பாடகர், நடிகர், படித்த வழக்கறிஞர். 1934 கடைசியில் திரைப்பட மேதை ஐசன்ஸ்டைன் அழைத்து மாஸ்கோ போனார். அமெரிக்காவில் ஓட்டல் வாசலில் அவமானப்பட்டவருக்கு, மனிதனாக நடத்தப்படுகிறோம் என்ற உணர்வு அங்கேதான் முதல் தடவையாக வந்தது. அந்த நன்றியை அவர் கடைசி வரை விடவில்லை.

1949 ஜூனில் மறுபடி மாஸ்கோ. அவருக்கு இரண்டு யூத நண்பர்கள் இருந்தார்கள்: நாடகக் கலைஞர் சோலமன் மிகோயல்ஸ், கவிஞர் இட்சிக் ஃபெஃபர். மிகோயல்ஸ் முந்தைய ஆண்டே இறந்திருந்தார். சாலை விபத்து என்று அறிவிப்பு, உண்மையில் ஸ்டாலினின் ரகசியப் போலீஸ் செய்த கொலை. ஃபெஃபரைப் பார்க்க வேண்டும் என்று ராப்சன் விடாமல் கேட்டதால், சிறையில் இருந்தவரை நல்ல உடை போட்டு ராப்சனின் ஓட்டல் அறைக்குக் கூட்டிவந்தார்கள். ராப்சனின் மகன் பிற்காலத்தில் சொன்னபடி, வாய் குடும்ப நலம் விசாரித்துக்கொண்டிருக்க, ஃபெஃபரின் கை வேறு சேதி சொன்னது: அறையில் ஒட்டுக்கேட்கும் கருவி இருக்கிறது, எங்களுக்கு முடிவு நெருங்கிவிட்டது. விரலால் கழுத்தை அறுக்கிற மாதிரி காட்டினாராம்.

அதற்குப்பின் மாஸ்கோ மேடையில் ராப்சன் அந்த இருவரின் நட்பைப் பற்றிப் பேசி, நாஜிகளுக்கு எதிரான வார்சா யூதர் எழுச்சியோடு சேர்த்து நினைக்கப்படும் ஒரு போராட்டப் பாடலை யூதர்களின் யித்திஷ் மொழியிலேயே பாடினார். அந்த ஊரில் அந்த ஆண்டில் அப்படிப் பாட அசாத்தியத் துணிச்சல் வேண்டும். ஆனால் அமெரிக்கா திரும்பியதும் நிருபர்களிடம், அங்கே யூதர்களுக்கு எதிரான நடவடிக்கை எதுவும் நான் பார்க்கவில்லை என்றார். 1952 ஆகஸ்டில் ஃபெஃபர் சுட்டுக்கொல்லப்பட்டார்.

அமெரிக்காவும் சும்மா இருக்கவில்லை. 1950இல் ராப்சனின் பாஸ்போர்ட்டைப் பறித்தது. அரங்குகள் கதவைச் சாத்தின. 1952இல் கனடா எல்லையில் லாரி மேல் நின்று, எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களுக்கும் சேர்த்துப் பாடினார். 1958இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகுதான் பாஸ்போர்ட் திரும்ப வந்தது. அதே ஆண்டு அவருடைய 60ஆவது பிறந்தநாளை இந்தியாவில் கொண்டாடினார்கள். நேரு வெளிப்படையாக ஆதரவு தெரிவித்தார், அமெரிக்க அதிகாரிகளுக்கு அது பிடிக்கவில்லை.

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது ராப்சனுக்குப் பொருந்தும். அவர் மௌனம் காத்ததை நியாயப்படுத்த எனக்கு வழி தெரியவில்லை. ஆனால் வாயைத் திறந்திருந்தால் அடுத்த நாளே அவர் வார்த்தையைத் தூக்கிப்பிடித்திருக்கக்கூடியவர்கள், அவருடைய பாஸ்போர்ட்டைப் பறித்த அதே ஆட்கள்தான் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கிறது.

அசல் சரக்கு வந்து இறங்கியபோது

1970களின் பிற்பகுதியில் நிலைமை மாறியது. இளைஞர்களை வெறும் தடையால் கட்டிப்போட முடியாது என்று அரசுகளுக்குப் புரிந்தது. கதவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தார்கள்.

1983 அக்டோபரில் மேற்கு ஜெர்மன் ராக் பாடகர் உடோ லிண்டன்பெர்க் கிழக்கு பெர்லினில் பாட அனுமதி பெற்றார். சில மாதங்களுக்கு முன்புதான், தன்னைப் பாட விடாத தலைவர் எரிக் ஹோனெக்கரைக் கிண்டலடித்து ஒரு பாட்டு வெளியிட்டிருந்தார். அந்தப் பாட்டு கூடாது என்ற நிபந்தனையோடு மேடை தந்தார்கள். அரங்கில் கட்சி இளைஞர் அமைப்பு பொறுக்கி எடுத்த கூட்டம். அவருடைய உண்மையான ரசிகர்கள் வெளியே போலீஸோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். லிண்டன்பெர்க், இரண்டு ஜெர்மனியிலும் இருக்கிற ஏவுகணைக் குப்பையை அகற்றுங்கள் என்று மைக்கில் சொல்லிவிட்டார். அடுத்த ஆண்டுக்குப் பேசியிருந்த சுற்றுப்பயணம் ரத்து. 1987இல் ஹோனெக்கருக்கு ஒரு தோல் ஜாக்கெட்டை அனுப்பிவைத்தார்; ஹோனெக்கர் பதிலுக்கு ஒரு ஊதுகருவியை அனுப்பினார்.

1988 ஜூலையில் அமெரிக்க ராக் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் கிழக்கு பெர்லினின் வைசென்சே மைதானத்தில் பாடியபோது 1,60,000 பேருக்குக் குறையாமல் கூடினார்கள். இடதுசாரி ஆட்சி நடந்த நிகராகுவாவுக்கு ஆதரவான கச்சேரி என்று அமைப்பாளர்கள் தாங்களாகவே முத்திரை குத்தியிருந்தது அவருக்குக் கோபம். எந்த அரசுக்காகவும் வரவில்லை, தடுப்புகள் எல்லாம் ஒருநாள் இல்லாமல் போகும் என்ற நம்பிக்கையில் பாட வந்தேன் என்று ஜெர்மன் மொழியிலேயே சொன்னார்.

சரி, இதில் டீன் ரீட் எங்கே? 1980களின் நடுவில் அவருடைய கூட்டம் மெலிந்துவிட்டது. எந்தத் தட்டுப்பாடு அவரை உயர்த்தியதோ அது குறையக் குறைய அவரும் இறங்கினார். அரசு தரும் ராக் வேண்டாம், அரசுக்குப் பிடிக்காத ராக் வேண்டும் என்ற தலைமுறை வந்துவிட்டது. அவர்கள் கண்ணுக்கு இவர் கிட்டார் வைத்திருக்கும் கட்சிப் பேச்சாளர்.

ஏரிக்கரை வீடு

ரீடுக்கு ஊர் ஏக்கம் வந்தது அப்போதுதான். 1985இல் தன்னைப் பற்றிய ஆவணப்படத்துக்காக டென்வர் போனார். நாற்பத்தேழு வயதில் அமெரிக்காவில் ஒரு புது இன்னிங்ஸ் ஆடலாம் என்று கணக்குப் போட்டார். 1986 ஏப்ரலில் அமெரிக்காவின் புகழ்பெற்ற '60 மினிட்ஸ்' தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அவருடைய பேட்டி வந்தது. கோடிக்கணக்கான அமெரிக்கர்கள் அவரைப் பார்த்தது அன்றைக்குத்தான். அதில் அவர் பெர்லின் சுவரை ஆதரித்துப் பேசினார். வந்து குவிந்த கடிதங்கள் துரோகி என்றன.

அப்போது அவர் கையில் ஒரு படம் இருந்தது. 1973இல் அமெரிக்காவின் வூண்டட் நீ என்ற இடத்தில் பூர்வகுடிகள் நடத்திய எழுச்சியைப் பற்றியது. கிழக்கு ஜெர்மனியும் சோவியத் யூனியனும் சேர்ந்து எடுப்பதாகத் திட்டம். எழுத்து, இயக்கம், நடிப்பு எல்லாம் அவர். படப்பிடிப்புக்குச் சில நாட்களே இருந்த நிலையில், ஜூன் 12 இரவு வீட்டைவிட்டு காரில் கிளம்பியவர் திரும்பவில்லை. 17ஆம் தேதி, வீட்டுக்கு அருகிலிருந்த சாய்தன் ஏரியில் உடல் கிடைத்தது. அரசு "சோகமான விபத்து" என்றது. அமெரிக்காவில் குடும்பத்தினருக்குக் கொலையோ என்ற சந்தேகம். உளவுத்துறைகளின் பெயர்களை வைத்து அவரவர் ஒரு கதை சொன்னார்கள்.

விடை ஒரு கோப்புக்குள் இருந்தது. அவருடைய காரில் பதினைந்து பக்கக் கடிதம் ஒன்றைப் போலீஸ் கண்டெடுத்திருந்தது. திரைக்கதைத் தாள்களின் பின்புறத்தில், கட்சி அதிகாரியான நண்பர் ஒருவருக்கு எழுதியது. என் சாவுக்கும் அரசியலுக்கும் சம்பந்தமில்லை என்கிறார். மனைவியோடு நடந்த சண்டைகளை எழுதுகிறார். இங்கே எல்லாவற்றோடும் எனக்கு உடன்பாடு இல்லை, சோஷலிசம் இன்னும் வளர்ந்து ஆளாகவில்லை என்கிறார். எரிக்குக் கடைசி வணக்கம் சொல்லச் சொல்கிறார், ஹோனெக்கரைத்தான். ஒரு அமெரிக்க நட்சத்திரம் சோஷலிச நாட்டில் தற்கொலை செய்துகொண்டார் என்ற செய்தி வெளியே போகக் கூடாது என்று அந்தக் கடிதத்தைப் பூட்டிவைத்தார்கள். சுவர் விழுந்து, ஸ்டாசி உளவுத்துறையின் கோப்புகள் திறந்த பிறகே அது வெளிவந்தது.

1991இல் அவருடைய அம்மா கிழக்கு ஜெர்மனியில் புதைத்திருந்த அஸ்தியை எடுத்துக்கொண்டுபோய்க் கொலராடோவின் போல்டர் நகரக் கல்லறையில் வைத்தார். அதற்குள் ரீட் குடியிருந்த நாடும் வரைபடத்தில் இல்லை.